சமதளக் கடலோரப் பாதையில் சைக்கிள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலை ஒட்டிப் போகும் தார்ப் பாதையில் நிதானமாகச் சைக்கிள் மிதிக்கலாம் வாருங்கள் என்று யாரை அழைத்தாலும், ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ‘சமதளம்தானே, இதில் கேட்க என்ன இருக்கிறது’ என்றவர்கள்கூட முதல் பயணம் முடிந்ததும் ஐந்தாறு கேள்விகளோடு வந்து நிற்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

சைக்கிள் தொட்டே பல வருஷம் ஆச்சு. நேரா கடலோரப் பாதையில தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். மோட்டார் வண்டிகள் வராத, ஏற்ற இறக்கம் இல்லாத, வழி தவற முடியாத பாதை இதைவிட வேறு எங்கே கிடைக்கும்? ஒரு பக்கம் கடல் இருக்கும்வரை திசை குழம்பாது. சமநிலை, பிரேக், வளைவு என்று கைவிட்டுப் போன பழக்கங்களை அவசரமில்லாமல் மீட்டுக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் சீட்டின் உயரத்தை மட்டும் சரிபாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அந்த அளவுதான் சரி. முழங்கால் வலிக்கிறது என்பவர்களில் பலர் சீட்டைத் தாழ்வாக வைத்து ஓட்டுகிறவர்கள்.

முதல் தடவை எவ்வளவு தூரம் போகலாம்?

போக 10 கி.மீ., வர 10 கி.மீ. போதும். நிதானமாக மிதிப்பவர் காற்று இல்லாத சமதளத்தில் மணிக்கு 15 முதல் 18 கி.மீ. வரை போவார். நின்று தண்ணீர் குடிப்பது, கடலைப் பார்ப்பது, கூட்டத்தில் மெதுவாகப் போவது எல்லாம் சேர்த்தால் மணிக்கு 12 கி.மீ. என்று கணக்கு வைப்பதுதான் யதார்த்தம். ஒரு முழுக் காலைப்பொழுது சுகமாகக் கழியும்.

சில வாரங்களில் ஒரு நாளைக்கு 40, 50 கி.மீ. என்பது பெரும்பாலானவர்களுக்கு எட்டும் தூரம்தான். அவசரப்படாதீர்கள். தொடை தாங்கினாலும் உள்ளங்கையும் உட்காரும் இடமும் பழகுவதற்கு நாள் எடுக்கும்.

டூரிங் சைக்கிள்தான் வேணுமா? வீட்டுல கிடக்குற சாதா சைக்கிள் போதாதா?

ஒரு நாள் பயணத்துக்குப் போதும். பிரேக் பிடித்தால், செயின் துருப்பிடிக்காமல் இருந்தால், சீட் உயரம் உங்களுக்குப் பொருந்தினால் கிளம்பிவிடலாம்.

டூரிங் சைக்கிளின் அருமை பல நாள் பயணத்தில் தெரியும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான நீளம் அதில் சற்று அதிகம். அதனால் பை ஏற்றினாலும் ஆட்டம் இல்லாமல் நேராகப் போகும். குதிகால் பையில் இடிக்காது. கேரியரும் மட்கார்டும் மாட்ட அதன் சட்டத்திலேயே துளைகள் இருக்கும். நிமிர்ந்த நிலையில் உட்காரலாம். கடலோரத்துக்கு மட்டும் என்றால் மட்கார்டுதான் நான் முதலில் கேட்பது. ஈர மணலும் உப்புத் தண்ணீரும் செயின்மேல் தெறிப்பதை அது பெருமளவு தடுத்துவிடும்.

டயர்ல எவ்வளவு காத்து அடிக்கணும்? கல்லு மாதிரி இருந்தா வேகமாப் போகும்ங்கிறாங்களே?

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு. அதை எட்டியே தீர வேண்டும் என்று இல்லை. 35 முதல் 40 மி.மீ. அகல டயருக்கு, சராசரி எடை உள்ளவர் 45 முதல் 60 பி.எஸ்.ஐ. (பம்பில் காட்டும் காற்றழுத்த அளவு) வரை வைத்தால் நன்றாக ஓடும். கல் போல அடித்தால் கான்கிரீட் பலகங்களின் இணைப்பு ஒவ்வொன்றும் மணிக்கட்டில் வந்து இடிக்கும். மணல் தூவிக் கிடக்கும் இடத்தில் பிடிமானமும் குறையும்.

சமதளம்தானே, கியர் எதுக்கு?

காற்றுக்கு. இதற்கு முழுப் பதில் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

மேடே இல்லாத பாதையில எனக்கு மட்டும் ஏன் இப்படி மூச்சு வாங்குது?

உங்களுக்கு மட்டும் இல்லை. கடலோரத்தில் ஏற்றத்தின் வேலையைக் காற்று செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஏற்றம் என்பதால், உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

கணக்கு இதுதான். காற்றின் தடை, அது உங்கள்மேல் மோதும் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அசைவற்ற காற்றில் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், உங்கள்மேல் 18 கி.மீ. வேகக் காற்று மோதுகிறது. எதிர்காற்றும் 18 கி.மீ. வேகத்தில் வீசினால் மோதும் வேகம் 36 ஆகிவிடும். வேகம் இரண்டு மடங்கு, தடை நான்கு மடங்கு. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சராசரி உடல்வாகு உள்ளவருக்கு இது ஏறக்குறைய 3 சதவீத ஏற்றத்தை விடாமல் ஏறுவதற்குச் சமம். மலைப்பாதையில் ஏற்றம் எங்காவது முடிந்து இறக்கம் வரும். கடற்கரையில் பத்து கி.மீ. தூரமும் முடியாது.

அதனால் வேகத்தைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். மிதிக்கும் தாளத்தைக் காப்பாற்றுங்கள். நிமிடத்துக்கு 70 முதல் 90 சுற்று சுலபமாக வரும்படி கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள். வேகம் 11, 12 ஆக இறங்கினால் இறங்கட்டும். முழங்கையைச் சற்று மடித்து உடலைத் தாழ்த்தினால் வித்தியாசம் உடனே தெரியும். கூட ஒருவர் இருந்தால் மாறி மாறி முன்னால் போகலாம். ஆனால் ஒட்டிப் பின்தொடர்வது கூட்டமில்லாத, நேரான பாதையில் மட்டும்.

அப்போ எந்த நேரத்துல கிளம்பினா நல்லது?

விடிந்ததும். நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. சூடான நிலத்தின் மேலிருக்கும் காற்று எழும்பும்போது அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. தெளிவான வெயில் நாளில் இந்தக் கடற்காற்று பெரும்பாலும் முற்பகல் முடியும் வேளையில் தொடங்கி, பிற்பகல் நடுவில் உச்சத்துக்குப் போகும். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்வதால் காற்று திரும்பி, நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட அமைதி காலையில் கிடைக்கிறது. வெயிலும் தாழ்வு, கூட்டமும் குறைவு.

கடற்காற்று கடலிலிருந்து நேராக வந்தால் கரையோரம் போகிறவருக்கு அது பக்கக்காற்றுதானே என்று சிலர் கேட்பார்கள். தொடங்கும்போது அப்படித்தான். ஆனால் மணி ஆக ஆக, பூமியின் சுழற்சியால் அதன் திசை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, கரைக்கு இணையாக வீசத் தொடங்கும். நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய கடற்கரைகளில் இது நன்றாகத் தெரியும். மதியத்துக்கு மேல் ஒரு திசையில் போவது சுகமாகவும் மறு திசையில் போவது பாடாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம். முழுப் பக்கக்காற்றும் ஓரளவு வேகத்தைக் குறைக்கவே செய்யும்.

காத்து அதிகமான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுக்கிறது?

கடலைப் பாருங்கள். அலைமுகடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெண்நுரை தெரிந்தால் காற்று மணிக்கு 12 முதல் 19 கி.மீ.; போய்வரலாம். பரவலாக வெண்நுரை தெரிந்து, கரையில் தூசியும் காகிதத் துண்டும் பறந்தால் 20 முதல் 28. எதிர்த்துப் போக வேண்டிய தூரத்தைப் பாதியாக்குங்கள். கடல் முழுக்க வெள்ளை பூத்து, சிறு மரங்கள் ஆடினால் 29க்கு மேல். அன்று வேறு வேலை பாருங்கள். மாலுமிகள் வழிவழியாகப் பயன்படுத்தும் பியூஃபோர்ட் அளவுகோலில் இவை 3, 4, 5ஆம் நிலைகள்.

வானிலை அறிக்கையில் வரும் காற்றின் வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கானது. சைக்கிளில் இருப்பவரின் உயரத்தில் அது சற்றுக் குறைவாக இருக்கும். ஆனால் திறந்த கடற்கரையில் தடுக்க மரமோ கட்டடமோ இல்லாததால் அந்தச் சலுகையைப் பெரிதாக நம்ப வேண்டாம்.

போறப்ப எதிர்காத்துன்னா வர்றப்ப பின்காத்து. கணக்கு நேராயிடும் இல்லையா?

ஆகாது. ஒரு வழி 20 கி.மீ. என்று வையுங்கள். காற்றே இல்லாமல் மணிக்கு 18 கி.மீ. போனால் மொத்தப் பயணம் 2 மணி 13 நிமிடம். எதிர்காற்றில் 12 ஆகக் குறைந்து, பின்காற்றில் 24 ஆகக் கூடினால், போக 100 நிமிடம், வர 50 நிமிடம். மொத்தம் 2 மணி 30 நிமிடம். குறைந்த வேகத்தில் அதிக நேரம் கழிகிறது என்பதால் இழந்தது முழுதாகத் திரும்பி வருவதில்லை.

ஆகவே, போய்த் திரும்பும் பயணத்தில் எதிர்காற்றை முதலில் முடித்துவிடுங்கள். பின்காற்றோடு கிளம்பினால் ‘இன்று உடம்பு எவ்வளவு லேசாக இருக்கிறது’ என்று தோன்றும். திட்டமிட்டதைவிடத் தூரம் போய்விடுவோம். களைத்த கால்களோடு திரும்பும்போதுதான் காற்று எதிரே நிற்கும். மிதிக்காமலே வண்டி ஓடுவது போல் இருந்து, காதில் காற்றோசையும் கேட்கவில்லை என்றால் பின்காற்று தள்ளுகிறது என்று அர்த்தம். அங்கேயே நின்று, திரும்பிப் பார்த்து, முகத்தில் எவ்வளவு அடிக்கிறது என்று சோதியுங்கள்.

பாதையில மணல் கிடந்தா என்ன பண்றது? பிரேக் போடலாமா?

மணல்மேல் போட வேண்டாம். மணலுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஹேண்டில்பாரை நேராக வைத்து, இறுக்கிப் பிடிக்காமல், மெல்ல மிதித்துக்கொண்டே கடந்துவிடுங்கள். உடல் எடையைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் முன் சக்கரம் புதையாது. விழுகிறவர்களில் பெரும்பாலோர் மணலில் திரும்பியதாலோ முன் பிரேக்கைப் பிடித்ததாலோதான் விழுகிறார்கள். தார் தெரியாத அளவுக்கு மணல் மூடியிருந்தால் இறங்கித் தள்ளுங்கள்.

பலத்த காற்றுக்கு மறுநாள், பாதையின் வளைவுகளில் மணல் சேர்ந்திருக்கும். வளைவு தெரிந்ததும் மிதிப்பதை நிறுத்துவது நல்ல பழக்கம்.

மரப்பலகைப் பாலம், துறைமுகம் பக்கத்துல தண்டவாளம் இதெல்லாம் வருதே?

பலகைகள் குறுக்கே போட்டிருந்தால் தடதடக்கும், அவ்வளவுதான். நீளவாக்கில் போட்டிருந்தால் இடைவெளியில் சக்கரம் சிக்கலாம். அப்படிப்பட்ட இடைவெளியையும் தண்டவாளத்தையும் கூடுமானவரை செங்குத்தாக வெட்டிக் கடக்க வேண்டும். ஈரமாக இருந்தால் இரண்டுமே வழுக்கும். அலை தெறித்துப் பாசி படிந்த கான்கிரீட் இவற்றைவிட மோசம். பச்சையாகத் தெரிந்தால் நடந்தே கடந்துவிடுங்கள்.

நடக்கிறவங்க நிறைய. பெல் அடிச்சா முறைக்கிறாங்க, அடிக்கலைன்னா பதறுறாங்க!

தூரத்திலேயே ஒரு முறை மென்மையாக அடியுங்கள். கிட்டே வந்து அடித்தால்தான் அது அதட்டலாகக் கேட்கும். அலை இரைச்சலிலும் எதிர்காற்றிலும் ஓசை முன்னே போகாது என்பதால், கேட்டிருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். நடக்கும் வேகத்துக்கு இறங்கி, குரல் கொடுத்து, இடம் விட்டுக் கடந்து போங்கள். சின்னக் குழந்தைகளும் கயிற்றில் கட்டிய நாய்களும் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. கயிறு பாதையின் குறுக்கே நீண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பகிர்ந்துகொள்ளும் பாதையில் வேகத்தைப் பெருமையாக நினைக்கும் ஓட்டுநர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. நடப்பவருக்கு அந்த இடம் பாதுகாப்பில்லை என்று ஆகிவிட்டால், நாளைக்குச் சைக்கிளுக்கே தடை வரும்.

ஒரு மணி நேரத்துலயே கை மரத்துப்போகுது, உட்கார முடியல. சமதளத்துல ஏன் இப்படி?

சமதளம் என்பதால்தான். ஏற்றத்தில் எழுந்து மிதிப்போம், இறக்கத்தில் மிதிக்காமல் உருள்வோம். உடல் தானாகவே நிலை மாறும். இங்கே அந்த வாய்ப்பு இல்லை. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் ஒரே அழுத்தம்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, வேண்டுமென்றே சில சுற்றுகள் எழுந்து மிதியுங்கள். கையின் பிடியை மாற்றுங்கள். மணிக்கட்டை வளைக்காமல் நேராக வையுங்கள். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடல் முன்னால் சரிந்து எடை முழுவதும் உள்ளங்கைக்குப் போகும், அதைச் சமமாக்குங்கள். மெத்தென்ற தடிமனான சீட் உறை கொஞ்ச நேரத்துக்குச் சுகம் தரும். நீண்ட பயணத்தில் இடுப்பெலும்பைச் சரியாகத் தாங்கும் ஓரளவு உறுதியான சீட்தான் நல்லது.

காத்து சில்லுன்னு இருக்கு, மேகமும் இருக்கு. வெயிலுக்குன்னு எதுவும் தடவணுமா?

கட்டாயம். காற்று தோலைக் குளிர்விப்பதால் சுடுவது தெரியாது. மெல்லிய மேகத்தைப் புற ஊதாக்கதிர் எளிதில் ஊடுருவும். உலர்ந்த கடற்கரை மணல் அதில் சுமார் 15 சதவீதத்தையும் கடல்நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி எறிகின்றன. எனவே தொப்பியின் நிழல் மட்டும் போதாது. காது, பின்கழுத்து, புறங்கை, முழங்காலுக்கு மேல்பகுதி ஆகிய இடங்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

தண்ணீரும் இதே கதைதான். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் வியர்க்கவே இல்லை என்று தோன்றும். மணிக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொண்டு, வெயிலுக்கு ஏற்பக் கூட்டுங்கள்.

ஒரு நாள்தானே போனேன், அதுக்குள்ள செயின் பழுப்பாயிடுச்சு?

உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பார்க்கக் காய்ந்திருந்தாலும் இரும்பின்மேல் ஈரப்படலம் இருந்துகொண்டே இருக்கும். உப்பு கரைந்த நீரில் துரு வேகமாகப் பிடிக்கும்.

வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவுங்கள். பீய்ச்சியடிக்கும் குழாய் வேண்டாம். அந்த அழுத்தம் உப்பையும் மணலையும் பேரிங்குகளுக்குள்ளேயே தள்ளிவிடும். துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, செயினின் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். வெளியே எண்ணெய் பிசுபிசுத்தால் மணல் ஒட்டிக்கொண்டு அரம் போல அறுக்கும். ஸ்போக் முனைகள், பிரேக் கேபிள், போல்ட் தலைகள் ஆகியவற்றையும் துடைத்துவையுங்கள்.

பேட்டரி சைக்கிள்ல போனா காத்துக் கவலையே இல்லைதானே?

காலுக்குக் கவலை இல்லை, பேட்டரிக்கு உண்டு. எதிர்காற்றில் நான்கு மடங்காகும் தடையை இப்போது அது சுமக்கிறது. தயாரிப்பாளர் சொன்ன தூரம் அன்று கிடைக்காது. எதிர்காற்றில் போய்ச் சேர்ந்தபோது பாதிக்கு மேல் மீதி இருந்தால் நிம்மதி. பின்காற்றில் கிளம்பியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு செலவானதுமே திரும்பிவிடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, சாதாரண சைக்கிளாகக் கருதப்படும் பேட்டரி சைக்கிளில் மோட்டார் 250 வாட். மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் உதவி நின்றுவிடும். கடலோரப் பாதைகளுக்கு அந்த வேகமே அதிகம். பேட்டரி இணைப்பு முனைகளில் உப்பு படியவிடாமல் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

உலகத்துல இந்த மாதிரி நல்ல பாதைகள் எங்கெல்லாம் இருக்கு?

நிறைய. லாஸ் ஏஞ்சல்ஸ் கடற்கரையில் மார்வின் பிராட் பாதை சுமார் 35 கி.மீ. நீளம், கடற்கரை மணல் நடுவிலேயே போவதால், மேலே சொன்ன மணல் பாடம் அங்கே உதவும். வான்கூவரில் ஸ்டான்லி பூங்காவைச் சுற்றிப் போகும் கடற்சுவர்ப் பாதையில் சைக்கிள்கள் இடஞ்சுழியாக ஒரே திசையில்தான் போக வேண்டும். பிரான்சின் அட்லாண்டிக் கரையோரம் போகும் வெலோடிசே என்ற சைக்கிள் பாதை 1200 கி.மீ.க்கு மேல் நீள்வது. அதில் துண்டு துண்டாகப் போகிறவர்களே அதிகம்.

எனக்குப் பிடித்தவை பழைய ரயில் பாதையிலிருந்து உருவானவை. கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாப் பாதை, இத்தாலியின் அட்ரியாட்டிக் கரையில் டிரபோக்கி கரைப் பாதை இரண்டும் அப்படி வந்தவை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் செங்குத்தாக ஏறாது என்பதால், அன்றைய பொறியாளர்களே நமக்காக மேடுகளை வெட்டித் தந்திருக்கிறார்கள்.

வரைபடத்துல ‘கடலோரப் பாதை’ன்னு போட்டிருந்தா சமதளம்னு நம்பிடலாமா?

கூடாது. ஜப்பானின் ஷிமானமி கைடோ சுமார் 70 கி.மீ.; கடல்மேல் தீவு தீவாகப் போகிறது. ஆனால் கப்பல்கள் அடியில் போவதற்காகப் பாலங்கள் உயரத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு பாலத்துக்கும் சாய்வுப் பாதையில் ஏறி இறங்க வேண்டும். சாய்வு மிதமானதுதான் என்றாலும் ஏற்றம் ஏற்றம்தான். பாறைக் கடற்கரைகளில் பாதை கடலைவிட்டு மேலே ஏறி, அடுத்த குடாவில் இறங்கும்.

உயர வரைபடத்தில் உச்சியைப் பார்க்காமல், மொத்தம் எத்தனை மீட்டர் ஏறுகிறது என்று பாருங்கள். 30 மீட்டருக்கு மேல் எங்குமே போகாத பாதையும் பத்து முறை ஏறி இறங்கினால் 300 மீட்டர் ஆகிவிடும். தளம் தாரா, சரளையா என்பதைச் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அலை பாதைமேலயே வந்துடுமா? இடி இடிச்சா என்ன பண்றது?

தாழ்வான பாதைகளில் வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றம் அதிகம். அதோடு கரையை நோக்கிப் பலத்த காற்றும் சேர்ந்தால் தடுப்புச்சுவரைத் தாண்டி அலை விழும். அந்த நாட்களில் கடல் ஏற்றம் உச்சத்துக்கு வரும் நேரத்தைத் தெரிந்துகொண்டு தவிர்த்துவிடுங்கள்.

இடியோசை கேட்டுவிட்டால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். திறந்த கடற்கரையில் உயர்ந்து நிற்பது நீங்கள்தான். கட்டடத்துக்குள் போங்கள்; தனி மரத்தடியோ திறந்த நிழற்கூரையோ பாதுகாப்பு ஆகாது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

சீட்டைத் தாங்குற குழாய் அசையவே மாட்டேங்குது. உப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடிச் சம்பந்தம். இரும்புச் சட்டத்துக்குள் அலுமினியக் குழாய் இருந்து, இடையில் உப்பு நீர் புகுந்தால் அது ஒரு சிறு மின்கலம் போலவே இயங்கும். அலுமினியம் அரித்து, அந்த அரிமானம் பருத்து, குழாய் சட்டத்தோடு இறுகிவிடும். ஊடுருவும் எண்ணெயை மேலிருந்து விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, சீட்டைப் பிடித்து இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பாருங்கள். அசையவில்லை என்றால் பலம் காட்டாமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள். சட்டம் நெளிந்தால் சைக்கிளே போய்விடும்.

விடுபட்டதும் குழாயைச் சுத்தம் செய்து, கிரீஸ் தடவித் திரும்ப மாட்டுங்கள். கார்பன் குழாய் என்றால் கிரீஸ் கூடாது, அதற்கென்று உள்ள பசையைத் தடவ வேண்டும். கடலோரத்தில் அடிக்கடி ஓட்டுகிறவர்கள் சில மாதங்களுக்கு ஒரு முறை இதைச் செய்துவிடுவது நல்லது. பெடல் மரைகளுக்கும் தண்ணீர்க் குடுவைத் தாங்கியின் போல்ட்டுகளுக்கும் இதே கவனிப்பு வேண்டும்.